எந்த ஆட்டுக்கு மருந்து?

மேய்ச்சலுக்குப் போகிற ஆட்டின் வயிற்றில் புழு இருக்கத்தான் செய்யும். கொழுத்து மினுமினுப்பாக நிற்கிற கிடாயின் புழுக்கையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் புழுமுட்டைகள் தெரியும். கால்நடை மருந்தகத்தில் வேலை பார்க்கும் எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது வேறொன்று. ஒரே பட்டியில் அடைந்து, ஒரே காட்டில் மேய்ந்த இரண்டு ஆடுகளில் ஒன்று புழுவோடு நலமாக இருக்கிறது, மற்றது சோகை பிடித்துச் சாகிறது.

எங்கள் சிவகங்கைப் பக்கம் ஐப்பசி மழை பிடித்து மூன்று நான்கு வாரம் ஆனால் போதும், தாடைக்குக் கீழே நீர் கோத்த ஆடுகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இந்தக் கணக்கு தற்செயல் இல்லை. புழுக்கையோடு தரையில் விழும் முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றக்கூடிய இளம்புழுவாகி, புல்லில் படிந்த ஈரத்தில் மேலே ஏறும். ஆடு அதைத் தின்ற மூன்று வாரத்தில் வளர்ந்து, தானும் முட்டையிடத் தொடங்கும்.

செத்த ஆட்டை அறுத்து நான்காம் வயிற்றைத் திறந்தால் ஹீமான்கஸ் என்னும் ரத்தம் குடிக்கும் புழுக்கள் கொத்தாகக் கிடக்கும். பெண் புழு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம். ரத்தம் நிறைந்த குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை முறுக்கிக்கொண்டிருப்பதால் சிவப்பும் வெள்ளையுமாகத் தெரியும். நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். ஒரு புழு குடிப்பது தினம் 0.05 மில்லி ரத்தம்தான். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. இருபது கிலோ ஆட்டின் உடம்பில் இருப்பதே ஒன்றேகால் லிட்டர் சுமார்தான். அதில் தினம் 50 மில்லி போனால் எத்தனை நாள் தாங்கும்? ரத்தத்தில் புரதம் குறைந்துபோவதால்தான் தாடையில் அந்த நீர். கழிச்சல்கூட இல்லாமல் ஆடு செத்துப்போவதால் பலர் புழுவைச் சந்தேகிப்பதே இல்லை.

ஆடும் சும்மா இருப்பதில்லை. பழகிய ஆட்டின் வயிற்றுச் சுவர் சளியைச் சுரந்து, புதிதாக வரும் இளம்புழுக்களைத் தங்கவிடாமல் வெளியே தள்ளும். தப்பித் தங்கிய புழுவும் குட்டையாகி, குறைவாக முட்டையிடும். புழுவின் பக்கமும் தந்திரம் உண்டு. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும், ஆட்டின் எதிர்ப்பை மட்டுப்படுத்தும் பொருள்களைச் சுரக்கும். வெளியே பருவம் சரியில்லை என்றால் வயிற்றுச் சுவருக்குள்ளேயே வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும்.

இந்த எதிர்ப்பை நடத்த ஆட்டுக்குப் புரதம் வேண்டும். குட்டி ஈன்ற தாய் ஆட்டில் அது பாலுக்குப் போய்விடுகிறது, எதிர்ப்பு தளர்கிறது, முட்டை எண்ணிக்கை ஏறுகிறது. அப்படி முட்டை விழுந்த தரையில்தான் எதிர்ப்பே உருவாகாத குட்டி முதல் புல்லைக் கடிக்கிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தப் பொருத்தம்தான்.

"டாக்டரம்மா, மொத்தப் பட்டிக்கும் பூச்சி மருந்தை ஊத்திருங்க, எதுக்கு வம்பு" என்பார் கிடை போடும் பெரியவர்.

"எல்லாத்துக்கும் வேணாங்கய்யா. கண்ணப் பாத்துட்டுச் சொல்றேன்."

கீழ் இமையைத் தள்ளி உள்சவ்வின் நிறத்தைப் பார்ப்பது தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் வகுத்த முறை. நல்ல சிவப்பிலிருந்து வெளுப்பு வரை ஐந்து படிகள். வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. பட்டியிலுள்ள புழுக்களில் பெரும்பங்கு சில ஆடுகளிடம்தான் குவிந்திருக்கும், அதனால் இது பலிக்கிறது. (ரத்தம் குடிக்காத புழுக்களுக்கு இந்தச் சோதனை உதவாது. அதற்குப் புழுக்கையில் முட்டையை எண்ணித்தான் ஆக வேண்டும்.) எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சிப் பெருகும். தயாபென்டசோல் என்னும் பூச்சி மருந்து 1961-ல் சந்தைக்கு வந்தது. 1964-லேயே அதற்கு மசியாத ஹீமான்கஸ் பதிவாகிவிட்டது. எடை பார்க்காமல் கண்ணளவில் குறைத்து ஊற்றுவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். வெள்ளாட்டில் இது இன்னும் மோசம். அதன் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும், பல மருந்துகளில் செம்மறிக்கான அளவு அதற்குப் போதாது.

கோழியில் ரத்தக் கழிச்சல் வேறு வகை ஒட்டுண்ணி, ஆனால் விஷயம் ஒன்றுதான். எய்மீரியா என்னும் ஓரணு உயிரி, கோழியில் ஏழு இனம். கூளம் நனைந்துவிட்டால், எச்சத்தோடு விழுந்த அதன் முட்டை போன்ற கூடுகள் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். குஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தித் தின்றால் அந்த இனத்துக்கு எதிர்ப்பு வளரும். ஒரேயடியாகத் தின்றால் குடல் சுவர் சிதைந்து சாகும். உயிருள்ள ஒட்டுண்ணியையே அளவாகக் கொடுக்கும் தடுப்பு மருந்துகள் இந்த அடிப்படையில் வந்தவை.

இப்போது பரண் மேல் ஆடு வளர்க்கிறார்கள். புழுக்கை இடுக்கு வழியே கீழே விழுந்துவிடுவதால் சுழற்சி அறுகிறது. பரண் போட வசதி இல்லாதவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அகத்தியோ வேலிமசாலோ ஒடித்து, ஆட்டின் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். புரதமும் சேரும், வாய் தரைக்குப் போகிற நேரமும் குறையும்.