பென்னாகரம் மாலை வகுப்பு: நாட்குறிப்பு

2024 ஜூன் 1, சனி

பென்னாகரத்துக்கு அருகில் உள்ள இந்தக் கிராமத்து நூலகத்தின் பின்னறையில், கணினியும் ஆங்கிலமும் கற்றுத்தரும் மாலை வகுப்பை இன்று தொடங்கினோம். பதினொரு பேர் வந்தார்கள், கணினிகள் ஆறுதான். அவற்றில் நான்கு, 2011இல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் இவர்களுடைய அண்ணன்மாரும் அக்காமாரும் வாங்கி, பிறகு பரணில் ஏறியவை. பேட்டரி எதிலும் நிற்கவில்லை என்பதால் எல்லாவற்றையும் மின்னிணைப்பிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

கைப்பேசியில் இரண்டு கட்டைவிரலால் என்னைவிட வேகமாகத் தட்டும் பிள்ளைகள், விசைப்பலகையின் முன்னால் ஒற்றை விரலை நீட்டி எழுத்தைத் தேடினார்கள். எஃப், ஜே ஆகிய இரு விசைகளின் மீதும் உள்ள சிறு மேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொன்னேன். விரல் வைக்கும் இடம் அதுதான் என்று தெரிந்ததும் அறையே ஒரு நிமிடம் அமைதியானது.

ஜூன் 5, புதன்

பாடநூலை எடுக்கவில்லை. ஒரு வேலைவாய்ப்பு இணையதளத்தின் விண்ணப்பப் படிவத்தைத் திறந்து, அவரவர் பெயரை நிரப்பச் சொன்னேன். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்ற இரண்டு கட்டங்களிலேயே ஒரு மணி நேரம் போயிற்று.

ஒரு பெண் இரண்டாவது கட்டத்தில் தன் தலைப்பெழுத்தான எம் என்பதை இட்டாள். ஓரெழுத்து போதாது என்று சிவப்பு எழுத்தில் வந்துவிட்டது. பக்கத்துப் பையன் ஊர்ப்பெயரை இட்டான். இன்னொருவன் தன் பெயரையே இரண்டு முறை எழுதினான். "அக்கா, எனக்கு லாஸ்ட் நேம்னு ஒண்ணு இல்லையே?" என்று அவன் கேட்டபோது அவன் குரலில் கூச்சம் இருந்தது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை, தந்தை பெயரின் முதலெழுத்தே நமக்குப் போதுமானதாக இருந்து வந்திருக்கிறது, படிவத்தை வகுத்தவர்கள் வேறு வழக்கத்தை மனத்தில் வைத்து வகுத்திருக்கிறார்கள், ஆகவே பிழை உன்னிடம் இல்லை என்று நான் தமிழில் விளக்கிய பிறகுதான் அவன் தோள்கள் இறங்கின. இதையே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் ஒருவருக்கும் போய்ச் சேர்ந்திருக்காது. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்ற விதியை நான் ஏற்பதில்லை.

ஜூன் 8, சனி

நாளை குரூப் 4 தேர்வு. மூன்று பேர் மட்டும் வந்தார்கள். அந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்னும்போது ஆங்கிலம் எதற்கு என்று ஒருவன் கேட்டான், நியாயமான கேள்வி. தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சுத் தேர்ச்சி வேண்டும் என்பதைச் சொன்னேன். ஓசூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பணி ஆணை எந்த மொழியில் வருகிறது என்று நான் திருப்பிக் கேட்டதற்கு, அவனுடைய அக்காவின் ஆணையை வீட்டில் யாரும் படிக்காமலேயே கையெழுத்திட்டு அனுப்பியதாகச் சொன்னான்.

ஜூன் 15, சனி

தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பைப் பழகினோம். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் வலக்கையிலும் பெரும்பாலும் பிரிந்து நிற்பதால், நெடுங்கணக்கு தெரிந்தவர்களுக்கு இது விரைவில் பிடிபடுகிறது. அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டில் 'அம்மா' திரையில் வந்ததையும், புள்ளி தானாகவே விழுந்ததையும் கண்டு ஒரு பெண் அதையே பத்து வரிகளுக்கு அடித்தாள். தட்டச்சுப் பயிலகத்தில் கற்கும் தமிழ் அமைப்பு வேறு என்பதால், அங்கே போகிற இருவரை மட்டும் இதில் குழப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 19, புதன்

பாதி வகுப்பில் மின்சாரம் போனது. சேமிக்காத வேலை அத்தனையும் போயிற்று. மின்சாரம் வந்த பிறகு, சேமித்திருந்த இருவரும்கூடத் தங்கள் கோப்பைக் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தார்கள். எடுத்த படம் தானாகவே கேலரியில் வந்து நிற்கும் கைப்பேசியில் வளர்ந்தவர்களுக்கு, கோப்புக்கு ஒரு பெயரும் ஓர் இடமும் நாமே கொடுக்க வேண்டும் என்பது புதிய செய்தி. நூலக அலமாரியைக் காட்டி, அடுக்கு எண் இல்லாமல் ஒரு நூலைத் தேடி எடுக்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொருவரும் தம் பெயரில் ஒரு கோப்புறை உருவாக்கினார்கள்.

ஜூன் 29, சனி

எம் என்று இட்ட அந்தப் பெண்ணுக்கு, மதிப்பெண் சான்றிதழில் தலைப்பெழுத்தும் ஆதாரில் தந்தையின் முழுப்பெயரும் இருக்கின்றன. எதைக் கொடுப்பது என்று கேட்டுக் கல்லூரிக்கு அவளே மூன்று வரி மின்னஞ்சல் எழுதியிருந்தாள். இன்று பதில் வந்திருந்தது. "கைண்ட்லி ஃபர்னிஷ்" என்று தொடங்கிய வரியில் நின்று, "அக்கா, மேசை நாற்காலி ஏதாவது கேக்கறாங்களா?" என்றாள். அவள் ஊகம் தவறில்லை. ஃபர்னிச்சரும் அதே வேரிலிருந்து வருவது. அலுவலகக் கடிதத்தில் அது 'தருக' என்று பொருள்படும் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆங்கிலம் படித்த ஒரு பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

தன் கோப்புறையைத் திறந்து சான்றிதழின் நகலை எடுத்து இணைத்தாள். பதிலை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமலேயே அனுப்பினாள்.