உவர்மலை விறாந்தையில் எல்சாட்

2024 ஜூனில் நான் திருகோணமலையில் போய் இறங்கியபோது கச்சான் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் கச்சான் என்றால் வறுத்துத் தின்னும் கடலை மட்டுமன்று, மேற்கிலிருந்து வெக்கையை அள்ளிக்கொண்டு வரும் காற்றும்தான். ஐந்து வருடம் கனடாவின் ஸ்காபரோக் குளிரில் ஊறிய உடம்பு அதை மறந்துபோயிருந்தது. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் அடுத்தடுத்துச் சத்திரசிகிச்சை. உவர்மலையில் அம்மா இல்லாத வீடு. சம்பளமில்லாத விடுமுறை இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு, பழைய எல்சாட் வினாத்தாள் புத்தகங்கள் மூன்றைப் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். சித்தி அவற்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பாரத்துக்கு இன்னும் நாலு சொக்கிலேட் பெட்டி வந்திருக்குமே" என்றார்.

எல்சாட் என்பது அமெரிக்க, கனடியச் சட்டப் பள்ளிகளுக்கான நுழைவுப் பரீட்சை. 1948 முதல் நடக்கிறது. நம் ஊரில் சட்டத்தரணியாக விரும்புகிறவர் கொழும்பு புதுக்கடைச் சட்டக் கல்லூரியை மனதில் வைத்துக்கொண்டு பொது அறிவுப் புத்தகங்களைக் கரைத்துக் குடிப்பார். நானும் ஒரு காலத்தில் குடித்தேன், செரிக்கவில்லை. எல்சாட்டில் மனப்பாடம் செய்ய ஒன்றுமே கிடையாது. ஒரு சிறிய பந்தி தருவார்கள். யாரோ ஒருவர் எதையோ வாதிடுவார். அந்த வாதத்தில் ஓட்டை எங்கே, அவர் வாய்விட்டுச் சொல்லாமல் நம்பிக்கொண்டிருப்பது எது, எதைச் சொன்னால் வாதம் சரியும் என்று கேட்பார்கள். ஐந்து விடைகளில் இரண்டு சரிபோலவே இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் 35 நிமிடம். புள்ளி 120இல் தொடங்கி 180இல் முடியும். ஒன்றும் தெரியாமல் வெறும் பெயரை எழுதிவிட்டு வந்தாலும் 120 கிடைக்கும் என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

ஏன் இந்த வயதில் இந்த வேலை என்று கேட்காத உறவினர் இல்லை. எனக்கு 31 வயது. ஊரில் பட்டம் பெற்றவள். கனடாவில் முதல் இரண்டு வருடம் ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில் இரவு வேலை. அதன் பிறகு ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் முன்மேசை. தமிழ் பேசும் முதியவர்கள் வந்தால் மொழிபெயர்ப்பும் என் தலையில்தான். ஒருநாள் ஓர் அம்மம்மா வந்தார். மருமகன் வீடு வாங்கியபோது கையெழுத்து வைத்த கடதாசி ஒன்றைப் பொலித்தீன் பையில் நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தார். மருமகன் தவணை கட்டவில்லை. கடன் கொடுத்த இடத்திலிருந்து இவருக்குக் கடிதம் வந்துவிட்டது. "சாட்சிக்குத்தானே பிள்ளை கையெழுத்து வைத்தேன்" என்றார். கடதாசியில் இருந்த சொல் வேறு. அவர் வைத்தது பிணையாளியின் கையெழுத்து. அந்த ஒரு சொல்லை அவருக்குத் தமிழில் சொல்ல எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. சொன்ன பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வை, நானே அவருக்கு அதைச் செய்துவிட்டதுபோல இருந்தது. அன்று இரவு பஸ்ஸில் வரும்போதுதான் கைபேசியில் முதன்முதலாக எல்சாட் என்று தட்டிப் பார்த்தேன்.

அப்பா நீதிமன்றத்தில் 31 வருடம் உரைபெயர்ப்பாளராக இருந்தவர். ஊரில் இன்றும் சிலர் அவரை முதலியார் என்றே கூப்பிடுகிறார்கள். அது சாதிப் பெயரன்று, அந்தக் காலத்திலிருந்து அந்த வேலைக்கு ஒட்டிக்கொண்ட பட்டம். சாட்சி தமிழில் சொல்ல, நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கோவை இருந்தால் அதையும் வாசித்துச் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு கொஞ்ச நாள் வாசிக்காமல் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். பேப்பரும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. கறுப்புக் கண்ணாடியோடு விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் மூன்றாம் நாளே பொறுமையிழந்தார். "நீ அங்கே என்ன முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாய்? உரக்க வாசி" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஆங்கிலத்தில் வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, வசனம் வசனமாகத் தமிழில் திருப்பிச் சொல்வார். நான் ஊருக்கு வரமுன் நேரம் வைத்து எழுதிப் பார்த்த முதல் மாதிரிப் பரீட்சையில் எடுத்தது 143. பொதுவாக எழுதுகிறவர்களின் நடுப்புள்ளி 150ஐச் சற்றுத் தாண்டி நிற்கும் என்பதால், அது வெளியே சொல்லக்கூடிய எண் அல்ல. எனக்குக் கேள்வி விளங்காமலில்லை. பிழைத்த விடைகளைக் கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் சறுக்கியிருந்தேன்: 'அன்லெஸ்' (unless), 'ஒன்லி இஃப்' (only if) என்று வரும் வாக்கியங்கள்.

அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் யோசிக்கவேயில்லை. "பர்மிட் இருந்தாலொழிய அந்தக் காணியில் வீடு கட்ட முடியாது. சரியா?"

"சரி."

"பர்மிட் இருக்கிறது. வீடு கட்டலாமா?"

"கட்டலாம்தானே."

"அதை யார் சொன்னது?" என்றார் அப்பா. "நான் சொல்லவில்லை. பர்மிட் இல்லாவிட்டால் முடியாது என்று மட்டும்தான் சொன்னேன். பர்மிட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருபது வருடம் சொந்தக் காணிக்குள் கால் வைக்க முடியாதவர்களுக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன்."

பயிற்சிப் புத்தகம் இதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருந்தது. தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை என்று அம்புக்குறி போட்டு, மாற்றிப் போட்டு, தலைகீழாகப் போட்டு. மூன்று வாரம் அந்த அம்புகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதன் பிறகு எந்த 'அன்லெஸ்' வந்தாலும் நான் அம்புக்குறி போடவில்லை. 'ஒழிய' போட்டு வாசித்தேன். தமிழில் அந்தச் சொல் கதவைத் திறப்பதாக வாக்குக் கொடுப்பதில்லை, மூடியிருப்பதை மட்டும் சொல்கிறது. கனடாவில் எனக்கு நடந்ததும் அதுதானே என்று தோன்றியது. நிரந்தர வதிவிடம் இல்லாவிட்டால் நல்ல வேலை கிடைக்காது என்றார்கள், வதிவிடம் கிடைத்தது. உள்ளூர் அனுபவம் இல்லாவிட்டால் வேலை கிடைக்காது என்றார்கள், அதையும் சேர்த்தேன். ஒவ்வொரு முறையும் 'இருந்தால் கிடைக்கும்' என்று காதில் விழுந்தது என் தவறு.

எல்லாக் கேள்வியிலும் அப்பா வென்றார் என்று நினைக்க வேண்டாம். வாசிப்புப் பகுதியில் நீண்ட கட்டுரைகள் வரும். ஒருநாள் பவளப்பாறை பற்றி ஒன்று வந்தபோது அவர் புறாத்தீவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து நிலாவெளி, அங்கிருந்து 1980களில் இருந்த ஒரு ஹோட்டல், அதன் முதலாளியின் விவாகரத்து வழக்கு. 35 நிமிடம் முடிந்து மணி அடித்தபோது நாங்கள் ஜீவனாம்சத்தில் நின்றோம்.

அந்த ஓகஸ்ட் முதல் பரீட்சையின் அமைப்பும் மாற இருந்தது. தர்க்க விளையாட்டு என்று ஒரு பகுதி இருந்தது: ஏழு பேர், ஆறு கதிரை, இன்னார் இன்னாருக்குப் பக்கத்தில் இருக்க மாட்டார், யார் எங்கே என்ற வகை. கட்டம் கீறாமல் அதைச் செய்வது கடினம். மிச்சிகனில் கண்பார்வை இல்லாத ஒருவர் தன்னால் கட்டம் கீற முடியாது, ஆகவே இந்தப் பரீட்சை தன்னைப் போன்றவர்களுக்கு அநீதி என்று வழக்குப் போட்டார். 2019இல் அது இணக்கமாக முடிந்தது; அதன்படி ஐந்து வருடத்துக்குள் அந்தப் பகுதியே எடுபட்டுவிட்டது. இப்போது புள்ளிக்குரியவை இரண்டு தர்க்கப் பகுதியும் ஒரு வாசிப்புப் பகுதியும். நாலாவதாக ஒன்று வரும், அதற்குப் புள்ளி இல்லை, ஆனால் எது அது என்று சொல்ல மாட்டார்கள். நான் சுமந்து வந்த புத்தகங்களில் கால்வாசி செல்லாக் காசாகிவிட்டது என்று சலித்துக்கொண்டேன். கண்ணில் கட்டோடு இருந்த அப்பா, "வழக்குப் போட்டவன் வாழ்க" என்றார்.

பின்னேரங்களில் அவரை டச்சுக் குடாக் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். கோட்டைப் பக்கத்து மான்கள் பழத்தோலுக்காக ஆட்களின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஒன்று என் துணிப்பைக்குள் தலையை விட்டு, விடைத்தாள் ஒன்றின் மூலையை மென்றுவிட்டது. மலை உச்சியில் கோணேசர் கோவில் மணி கேட்கும்போது அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே அந்தத் திசைக்குக் கும்பிடுவார்.

ஓகஸ்ட் நடுவில் ஸ்காபரோவுக்குத் திரும்பினேன். செப்டெம்பர் பரீட்சையை என் நிலக்கீழ் அறையிலிருந்தே எழுதினேன். கண்காணிப்பாளர் கணினிக் கமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசை, மேசையின் அடி, நாலு சுவர் எல்லாவற்றையும் காட்டச் சொன்னார். சுவரில் அப்பா தந்துவிட்ட கோவில் நாட்காட்டி. அதில் எழுத்து இருக்கிறது, எடுங்கள் என்றார். திதியும் இராகு காலமும் தர்க்கக் கேள்விக்கு எப்படி உதவும் என்று கேட்க வாய் வந்தது, கேட்காமல் கழற்றினேன். மற்றது இன்னும் மோசம். பரீட்சை தொடங்கிப் பத்து நிமிடத்தில் திரையில் ஒரு செய்தி: வாய் அசைகிறது, உரக்க வாசிக்கக் கூடாது. இரண்டு மாதம் விறாந்தையில் பழகிய பழக்கம். வாயைக் கையால் பொத்திக்கொண்டு மிச்சத்தை எழுதினேன். 154. நவம்பரில், உதட்டை ஒட்டிக்கொண்டு வாசிக்கப் பழகிய பிறகு, 160.

பரீட்சையைவிட விண்ணப்பம்தான் என்னைக் களைக்கவைத்தது. ஒன்ராறியோவிலுள்ள எட்டுச் சட்டப் பள்ளிகளுக்கும் ஒல்சாஸ் என்ற ஒரே வாசல். முதலாம் ஆண்டுக்கு நவம்பர் 1 கடைசித் திகதி. நான் நாலு இடத்துக்குப் போட்டேன். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஆண்டுக் கட்டணம் 30,000 டொலரைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டு அதைத் தொடவில்லை. வெளிநாட்டுப் பட்டம் என்றால் கனடிய அளவுக்கு மதிப்பிட்ட அறிக்கை வேண்டும். அதற்கு ஊரிலிருந்து முத்திரையிட்ட உறையில் பெறுபேறுகள் வர வேண்டும். நான் ஊரில் நின்றபோதே விண்ணப்பித்திருந்தேன். கையெழுத்திட வேண்டியவர் விடுப்பில், அவருக்குப் பதில் கடமையாற்றுபவர் கூட்டத்தில். உறை புறப்பட்டது செப்டெம்பர் கடைசியில். இதைச் செய்யப்போகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது இதுதான்: எல்சாட்டுக்குப் படிக்கத் தொடங்க முதல் அந்த உறையைக் கேளுங்கள்.

பிறகு தன்விளக்கக் கடிதம். நீ யார், ஏன் சட்டம் என்று எழுத வேண்டும். தெரிந்த ஒரு தம்பி, ஏற்கெனவே சட்டம் படிப்பவர், அக்கறையோடுதான் சொன்னார்: "அக்கா, யுத்தத்தை எழுதுங்கள். சுனாமியை எழுதுங்கள். அப்படி ஒன்று உங்களிடம் இருக்கும்போது ஏன் விடுகிறீர்கள்?" இருக்கத்தான் இருக்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது எனக்கு 12 வயது. அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அதை வைத்து ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. அதுதான் பயமாக இருந்தது. அந்தப் பிள்ளைகளின் தாய்தகப்பன் அந்தப் பக்கத்தை வாசித்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கணம் யோசித்தேன், அழித்தேன். அப்படி எழுதுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. தன் காயத்தைத் தான் எழுதலாம். எனக்கு அது அயல்வீட்டுச் சாவு.

கடைசியில் பொலித்தீன் பையோடு வந்த அம்மம்மாவை, அடையாளம் தெரியாதபடி மாற்றி, எழுதினேன். சாட்சி, பிணை என்ற இரண்டு சொல்லும், அவற்றுக்கு நடுவில் போன ஒரு வீடும். இரண்டு பக்கத்துக்கு மேல் வரவில்லை.

டிசெம்பரில் ஓர் இடம் மறுத்தது. ஜனவரியில் இன்னொன்று. 2025 பெப்ரவரியில் ஒருநாள் பின்னேரம் மூன்று மணிக்கு, முன்மேசையில் யாருக்கோ சத்தியக்கடதாசி அச்சடித்துக்கொண்டிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. திருகோணமலையில் அப்போது இரவு ஒன்றரை. அங்கே விடியும்வரை காத்திருந்து, எடுத்துச் சொன்னேன். அப்பாவுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. கடிதத்தை அனுப்பு, நானே வாசிக்கிறேன் என்றார். அக்காவின் கைபேசிக்கு அனுப்பினேன். வெகு நேரம் சத்தமில்லை. பின்னணியில் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"வாழ்த்துகிறோம் என்று போட்டிருக்கிறார்கள். நல்லது" என்றார். "மூன்றாம் பந்தியைப் பார். பெறுபேறுகளின் இறுதிப் பிரதி குறித்த திகதிக்குள் வந்து சேர்ந்தாலொழிய இந்த இடம் செல்லாது என்று இருக்கிறது."

"ஓம் அப்பா."

"வந்து சேர்ந்தால் செல்லும் என்று எங்கேயாவது இருக்கிறதா?"

நான் கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன், உரக்க.