கூரையைத் திறக்கும் முன் யார் யாரிடம் என்ன கேட்க வேண்டும்

புதுச்சேரியில் பழைய வீட்டு மராமத்துக்கு என்று ஒரு காலண்டர் இருக்கிறது. பொங்கல் முடிந்ததும் வேலை தொடங்கும். ஜூலை, ஆகஸ்டில் பிரான்சில் இருக்கும் அண்ணனோ அக்காவோ விடுமுறைக்கு வந்து இறங்குவார்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும். இங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் டிசம்பர் வரையிலான அந்த மூன்று மாதத்தில்தான். ஆகவே திறந்த கூரை எதுவானாலும் செப்டம்பர் கடைசிக்குள் மூடியாக வேண்டும். இவை எல்லாம் வந்து முட்டிக்கொள்ளும் இடம் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய இரண்டு வாரம். வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். "மாடி ரூமுக்கு ஒரு பாத்ரூம் சேர்த்துட்டா நல்லா இருக்குமே" என்பார். ப்ராஜெக்ட் மேனேஜர் "பார்க்கலாம் சார்" என்பார்.

அந்தப் "பார்க்கலாம்" கேட்டவர் காதில் சம்மதம். சொன்னவர் மனதில் மறுப்பு. மூன்று வாரம் கழித்து இருவரும் சந்திக்கும்போது ஒருவர் ஏமாந்தவர், இன்னொருவர் ஏமாற்றியவர். இந்த வேலையில் நடக்கும் சண்டைகளில் பெரும்பங்கு இந்தச் சொல்லிலிருந்து பிறப்பவை என்பேன். வேலையை நடத்துகிறவர் நீங்கள் என்றால், அதை அடியோடு விட்டுவிடுங்கள். பதிலாக மூன்றே பதில்கள் போதும்: "முடியும், இவ்வளவு பணம், இவ்வளவு நாள்." "முடியாது, காரணம் இது." "வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்கிறேன்." மூன்றாவதைச் சொன்னால் வியாழக்கிழமை சாயங்காலம் போன் போட்டே ஆக வேண்டும், பதில் தயாராகவில்லை என்று சொல்லவாவது.

ஒரு வேலையில் சம்பந்தப்பட்டவரை மேலாண்மை வகுப்பில் ஸ்டேக்ஹோல்டர் என்கிறார்கள். நம் வீட்டு வேலையில் அது யார்? பத்திரத்தில் பெயர் உள்ள உடன்பிறப்புகள், பணம் அனுப்புபவர், வீட்டிலேயே குடியிருக்கும் அம்மா, முன்கட்டில் கடை வைத்திருக்கும் வாடகைதாரர், பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர், திட்டக் குழும அலுவலகம், ஆர்க்கிடெக்ட், மேஸ்திரி. "கஷ்டமான ஆள்" என்று நாம் பெயர் வைக்கும் மனிதரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வேலையை நிறுத்தும் சக்தி அவரிடம் இருக்கும். வேலை தொடங்கும் முன் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தால் ஜனவரியில் அரை மணி நேரப் பேச்சு. கேட்காமல் விட்டதால் ஆகஸ்டில் வேலை நிறுத்தம்.

எனவே முதல் வேலை கேட்பது. ஒவ்வொருவரையும் தனியாக, அவர் இருக்கும் இடத்துக்கே போய். கூட்டமாக உட்கார வைத்துக் கேட்டால் மூத்தவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், தலையாட்டியவர் பிறகு வந்து நிறுத்துவார். கேள்வி மூன்று: எது நடந்தால் வேலையை நிறுத்தச் சொல்வீர்கள்? இந்த வீட்டில் எது மாறவே கூடாது? வாரம் ஒருமுறை உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, வாசித்துக் காட்டிவிட்டு எழுந்திருங்கள். பணம் கொடுப்பவர் பெரும்பாலும் கணக்கைக் கேட்பார். குடியிருப்பவர் கழிவறையைக் கேட்பார். வெளிநாட்டில் இருப்பவர், தாத்தா உட்கார்ந்த திண்ணை அப்படியே இருக்க வேண்டும் என்பார். ஒரே வீடுதான், மூவருக்கும் பயம் மூன்று.

அடுத்தது பத்திரம். யாருக்குக் கையெழுத்து உரிமை என்பதை வக்கீல் எழுத்தில் தரட்டும். புதுச்சேரியில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறிய ரெனோன்சான் குடும்பங்களின் வாரிசு உரிமைக் கணக்கு, பக்கத்து வீட்டுக் கணக்கிலிருந்து வேறுபடலாம். "தம்பி பார்த்துக்குவான்" என்று போனில் சொன்னது அதிகாரம் ஆகாது. பிரான்சில் எழுதும் பவர் பத்திரம் உரிய சான்றோடு, பெரும்பாலும் இந்தியத் தூதரகச் சான்றோடு, வர வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் செலுத்தியாக வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்ட பத்திரத்தை நம்பி வேலையை ஓட்டினால், குடும்பத்தில் மனஸ்தாபம் வரும் நாளில் நீங்கள்தான் நடுத்தெருவில் நிற்பீர்கள்.

உரிமை தெளிவானதும் முடிவெடுக்கும் எல்லையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். உதாரணமாக, 25,000 ரூபாய் வரை சைட்டில் இருப்பவர் முடிவு. அதற்கு மேல் ஒரு லட்சம் வரை உள்ளூர்த் தம்பி. ஒரு லட்சத்துக்கு மேலோ முகப்பையும் கூரையையும் தொடும் எதுவோ ஆனால் எல்லாருடைய கையெழுத்தும். தொகை உங்கள் வேலைக்கு ஏற்ப மாறட்டும். படி மூன்று இருப்பதுதான் முக்கியம். படியே இல்லாவிட்டால் கதவுக் கைப்பிடிக்கும் பாரீஸ் வரை போக வேண்டியிருக்கும். கூரை உத்திரத்தை மாற்றும் முடிவோ திண்ணையில் நின்றபடி எடுக்கப்படும்.

இப்போது அந்த பாத்ரூமுக்கு வருவோம். கேட்பவருக்கு அது ஒரு குழாயும் நாலு டைல்ஸும். பழைய வீட்டு மாடித்தளம் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் சுண்ணாம்புச் சாந்தில் குறுக்குவாட்டில் நிறுத்தி அடுக்கிய மெல்லிய செங்கல், அதன் மேல் மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி இறுக்கிய காரை. இதில் நீர் இறங்கினால் முதலில் அழுகுவது சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனை. வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே ஈரம் புழங்கும் அறைக்குத் தனியே இரும்பு பீம் வைத்துத் தளம் போட வேண்டும், கழிவுக் குழாய்க்கு வழி பார்க்க வேண்டும். இதை வாயால் விளக்கினால் "சாக்கு சொல்றாங்க" என்றுதான் படும். தாளில் காட்டுங்கள்.

அந்த மாற்றத் தாள் ஒரே பக்கம். வேலை: மாடி வடக்கு அறையில் 5 x 7 அடி பாத்ரூம். உடைக்க வேண்டியது: முடித்துவிட்ட தரை 35 சதுர அடி, கீழ் அறையின் மேற்பூச்சு. கூடுதல் செலவு: 2,40,000 ரூபாய். கூடுதல் நாள்: 24. கூரை மூடும் தேதி: செப்டம்பர் 20-க்குப் பதில் அக்டோபர் 14. செலவு யார் பங்கில். பதில் தர வேண்டிய கடைசி நாள். அதற்குள் கையெழுத்து வராவிட்டால் பழைய வரைபடப்படியே வேலை நடக்கும். தொகைகள் உதாரணத்துக்குத்தான்; வரிகளை மட்டும் மாற்றாதீர்கள். பணத்தைப் பார்த்து யோசிக்காத வசதியானவர்கள்கூட, கூரை மூடும் தேதி அக்டோபருக்குள் நுழைவதைப் பார்த்ததும் நிதானிப்பார்கள். 2014 நவம்பர் மழையில் கடற்கரையின் மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், இடிந்து விழுந்ததும், அதைத் திரும்பக் கட்டித் திறக்க 2021 ஆனதும் இந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியதையும் யாரும் மறக்கவில்லை. பயமுறுத்த வேண்டாம், தேதியை மட்டும் எழுதுங்கள். தாளை நீட்டும்போது ஒரு மாற்று வழியும் சேர்த்து நீட்டுங்கள்: பாத்ரூமைப் பின்கட்டில், தரைத்தளத்தில் வைத்தால் எவ்வளவு, எத்தனை நாள். வெறும் மறுப்போடு திரும்புகிறவர் கோபத்தோடு திரும்புவார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர் தன் முடிவோடு திரும்புவார்.

மாற்றத் தாளைத் தாண்டிக்கொண்டு ஓடும் ஒரு குறுக்கு வழி உண்டு: மேஸ்திரி. உரிமையாளர் காலையில் வந்து, டீ வாங்கிக் கொடுத்து, "இந்த மாடத்தை அடைச்சிடுங்க மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுப் போவார். பத்து மணிக்கு மாடம் இருக்காது. மேஸ்திரியைத் திட்டிப் பயனில்லை, முதலாளி சொல்லை அவரால் தட்ட முடியாது. அவர் கண்ணியமாக நழுவ ஒரு வாக்கியம் கொடுங்கள்: "மேனேஜர் சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி எழுதிடுங்க, நாளைக்கே முடிச்சிடறேன்." கூடவே, கையெழுத்தில்லாத வேலைக்கு அளவு எடுப்பதில்லை, கூலி இல்லை என்பதை முதல் நாளே அவரிடமும் உரிமையாளரிடமும் ஒன்றாக வைத்துச் சொல்லிவிட வேண்டும். மேஸ்திரியும் சம்பந்தப்பட்டவர்தான். உள்பூச்சில் சிமென்ட் போட அவர் கை துறுதுறுக்கும், சீக்கிரம் முடியும் என்பதால். கடலோர ஊரில் உப்பும் ஈரமும் சுவருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சிமென்ட் பூச்சு அதை வெளியே விடாமல் அடைக்க, ஈரம் இன்னும் உயரம் போய் அங்கே பெயர்க்கும். சுண்ணாம்பு குழியில் இரண்டு வாரமாவது ஊற வேண்டும் என்பதைக் கால அட்டவணையில் தனி வரியாகப் போட்டால் அவருக்கும் அவசரம் குறையும், வாட்ஸ்அப்பில் "ஏன் சும்மா இருக்காங்க?" என்ற கேள்வியும் வராது.

வாட்ஸ்அப் குழு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது இல்லாமல் வெளியூரில் இருப்பவர்களின் நம்பிக்கை நிற்காது. ஆனால் குழுவில் வரும் குரல்பதிவு உத்தரவு ஆகாது என்பது முதல் செய்தியாக இருக்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பதிவு: அதே ஐந்து இடத்தில் நின்று எடுத்த ஐந்து படம், இதுவரை செலவு, அடுத்த வாரம் நடப்பது, யார் எந்தத் தேதிக்குள் எதை முடிவு செய்ய வேண்டும். வாரம் தவறினால், வெற்றிடத்தைச் சொந்தக்காரர்களின் ஊகம் நிரப்பும். பேச்சு என்றால் ஞாயிறு இரவு ஏழரை. பாரீஸில் கோடையில் மாலை 4, குளிர்காலத்தில் 3. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் யாராவது கோபமாக எழுதினால் குழுவில் பதில் எழுதாதீர்கள். நேரே போன் போட்டு முழுதாகக் கேட்டு, பேசி முடித்ததை இரண்டு வரியில் குழுவில் பதியுங்கள். மற்றவர்கள் பார்க்கும் இடத்தில் யாரும் இறங்கி வர மாட்டார்கள்.

வீட்டில் குடியிருக்கும் அம்மா "இப்ப வேணாம்" என்று தினமும் சொன்னால், அவர் மராமத்தை எதிர்க்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவில் எங்கே படுப்பது, பூஜை அறை விளக்கை யார் ஏற்றுவது என்பதுதான் கேள்வி. முன்கட்டு முடிந்து ஒப்படைத்த பிறகே பின்கட்டைத் தொடுங்கள். ஒரு கழிவறையும் ஒரு அடுப்பும் எந்த நாளும் நிற்கக் கூடாது. இடிக்கும் சத்தம் காலை 9 முதல் 1, பிறகு 3 முதல் 6. இதை எழுதிச் சுவரில் ஒட்டினால் பாதி எதிர்ப்பு கரைந்துவிடும்.

பொதுச்சுவர்ப் பக்கத்து வீட்டாரிடம் போகும்போது கையில் கேமராவோடு போங்கள், அவர் அனுமதியோடு. அவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் விரிசல் ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்து ஒரு பிரதி அவருக்கே கொடுங்கள். பெரிய விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையைச் சாந்தில் பதித்து அதில் தேதி எழுதுங்கள். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும், அசையாவிட்டால் உடையாது. பிறகு வரும் வாக்குவாதத்தை நீங்கள் பேசித் தீர்க்க வேண்டியதில்லை.

அலுவலகங்களில் "எப்ப சார் ஆகும்?" என்று கேட்காதீர்கள். "எந்தத் தாள் குறைகிறது?" என்று கேளுங்கள், எழுதி வாங்குங்கள், அதையே எண்ணிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குங்கள். வீடு பாரம்பரியப் பட்டியலில் உள்ளதா என்பதை வரைபடம் போடும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கெட்ட செய்தி வரத்தான் செய்யும். கூரையைத் திறந்ததும் உத்திர முனை செல்லரித்துக் கிடக்கும். இதைக் குறைக்க, ஒப்பந்தம் போடும் முன்பே மூன்று இடத்தில் பூச்சை எடுத்து, சுவரை ஒட்டி உத்திரத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் மரம் போய்விட்டது. அப்படியும் மறைந்தது இருக்கும், பழைய வீட்டுக்கு 15 முதல் 20 சதவீதம் தனியே ஒதுக்காமல் மதிப்பீடு கொடுக்காதீர்கள். கண்டுபிடித்த அன்றே சொல்லுங்கள், வேறு யாரோ படம் அனுப்பும் முன். அழுகிய முனையை மட்டும் வெட்டி இரும்புத் தட்டு வைத்து இணைப்பது, முழு உத்திரத்தை மாற்றுவது, அந்தப் பகுதியை முட்டுக்கொடுத்து அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது: மூன்றுக்கும் செலவும் நாளும் எழுதி, உங்கள் பரிந்துரை எது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பணத்தில் ஒரு இடத்தில் மட்டும் வளையவே கூடாது. கூரை வேலைக்கான முழுத் தொகையும் கணக்கில் வந்த பிறகே கூரையில் கை வைக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் "உன் பங்கு முதலில்" என்று இழுபறி நடக்கும்போது திறந்த கூரைக்குக் கீழே அம்மா இருப்பார். ஏப்ரலில் கடுமையாக நின்றால் கெட்ட பெயர் வரும், பரவாயில்லை.

ஒப்படைக்கும் நாளில் உடன்பிறப்புகள் ஒவ்வொருவரோடும் தனித்தனியாக வீட்டைச் சுற்றி வந்து, அவர் ஜனவரியில் சொன்ன மூன்று பதிலையும் வாசித்து, நிறைவேறியதா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தத் தொகையில் ஐந்து சதவீதத்தைப் பிடித்தம் வைத்து டிசம்பர் கடைசியில் விடுவிப்பது இரு பக்கத்துக்கும் நியாயம். முதல் கனமழை விட்ட மறுநாள் காலை, மேஸ்திரியையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுங்கள். எங்கே நீர் தேங்குகிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, கீழே வந்து அதே இடத்தின் அடியில் உத்திர முனையைத் தொட்டுப் பாருங்கள்.