சோஜர்னருக்குக் கயிறு அறுத்த கதை

கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் எங்கள் வளவுக்குள் இப்போது ஒரு செவ்வாய் வண்டி ஓடுகிறது. 1997 ஜூலையில் நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறக்கிவிட்ட சோஜர்னரின் பிரதி. அதே அளவு: 65 சென்ரிமீற்றர் நீளம், 48 அகலம், 30 உயரம். அசல் பத்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். என்னுடையது 14, ஏனென்றால் வயிற்றுக்குள் கிடப்பது பழைய யூபிஎஸ் ஒன்றிலிருந்து கழற்றிய 12 வோல்ற் ஈயப் பற்றரி. ஆறு சில்லும் 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயை அறுத்து சைக்கிள் ரயர் சுற்றினவை. மேலே உள்ள சோலார் தட்டு வெறும் சோடனை, ஒட்டுப்பலகையில் நீலப் பெயின்ற்.

நான் தண்ணீர்ப் பம்புகளுக்குக் கொயில் கட்டுகிறவன். மோட்டர் எனக்குக் கைவந்த வேலை. அதனால் வண்டியை ஓடவைத்தது பெரிய விஷயமில்லை. ஒரு பக்கத்து மூன்று மோட்டருக்கு மோட்டரை ஓட்டுகிற ஒரு டிரைவர் போர்ட், மற்றப் பக்கத்துக்கு இன்னொன்று. அசலில் மூலைச் சில்லுகள் நான்கும் திரும்பும். என்னுடையதில் திரும்பாது. ஒரு பக்கத்தை நிறுத்தி மற்றப் பக்கத்தை ஓட்டினால் வண்டி தானாகத் திரும்புகிறது. மகனுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியே வரவில்லை. "லான்ட்மாஸ்டர் மாதிரி, என்னப்பா?" என்றான், வயலில் ஓடுகிற இரண்டு சில்லு உழவு மெசினைச் சொல்லி. அவ்வளவுதான்.

கட்டுப்பாடு மட்டும் ஐந்து மீற்றர் வயரில் இருந்தது. பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆட்டைக் கயிற்றில் மேய்க்கக் கொண்டுபோகிற மாதிரி. திரும்பினால் வயர் சில்லில் சுற்றும். மூன்றாம் தடவை வயர் அறுந்ததும் இனி ஒட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

எனக்கும் றேடியோவுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. சோஜர்னர் செவ்வாயில் ஊர்ந்த அந்த மாதங்களில் நாங்கள் யுத்தத்தால் கிளிநொச்சியை விட்டு வந்து மல்லாவியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் அப்பா செய்தி கேட்பார். கை சோர்ந்தால் குரல் தேயும். "சுத்தடா!" என்பார். சோஜர்னர் என்றால் ஓரிடத்தில் கொஞ்சக் காலம் தங்கிப் போகிறவர் என்று பொருளாம். கறுப்பின அடிமைகளின் விடுதலைக்குப் போராடிய சோஜர்னர் ட்ரூத் நினைவாக, 12 வயதில் ஒரு பிள்ளை கட்டுரைப் போட்டியில் எழுதிக் கொடுத்த பெயர். அந்த வருசம் அந்தப் பெயர் எங்களுக்கும் அளவாகத்தான் இருந்திருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். புளூடூத் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் போனைத் தேடி, இணைத்து, இடையில் யாராவது அழைத்துவிட்டால் வண்டி நடுவழியில் நிற்கும். பிடிக்கவில்லை. என்.ஆர்.எஃப் 24 என்ற சின்ன றேடியோ போர்ட் இரண்டு எடுத்தேன். பெருவிரல் அளவு, எட்டுக் கால், 2.4 கிகாஹேர்ட்ஸ். இரண்டு பக்கமும் ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கணினிப் போர்ட் ஒவ்வொன்று. றிமோட்டுக்கு ஒரு சவர்க்காரப் பெட்டி, அதில் ஒரு ஜோய்ஸ்ரிக், நான்கு பென்ரோச் பற்றரி.

ஒரு போர்ட் முதல் நாளே செத்தது. 3.3 வோல்ற் கேட்கிற சாமானுக்கு 5 கொடுத்தேன். 230 வோல்ற்றோடு புழங்குகிற கைக்கு 3.3-க்கும் 5-க்கும் இடையில் என்ன வித்தியாசம் என்கிற திமிர். புதிதாக ஒன்று வந்த பிறகும் மேசையில் வேலைசெய்தது, மோட்டர் சுற்றத் தொடங்கியதும் ஊமையானது. இது எனக்கு விளங்குகிற நோய். மோட்டரின் பிரஷ் பொறி தட்டுகிறது, மின்னழுத்தம் துள்ளுகிறது, சின்னப் பிராணி மயங்கிவிடுகிறது. றேடியோவின் மூலையிலுள்ள இரண்டு காலுக்கும் குறுக்கே, ஒன்று நிலம் (மைனஸ்), ஒன்று 3.3 வோல்ற், துள்ளலை அடக்குகிற ஒரு 47 மைக்ரோஃபராட் கப்பாசிற்றரை நேராக அந்தப் போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டினேன். ஒவ்வொரு மோட்டர் வாயிலும் 0.1 மைக்ரோஃபராட் ஒன்று. ஊமை பேசியது.

அடுத்தது தூரம். வண்டியின் உடல் தகரம், றேடியோவை அதற்குள் வைத்து மூடியிருந்தேன். பிஸ்கற் ரின்னுக்குள் இருந்து கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? அசலில் ஏன் அந்த அன்ரனா ஈர்க்குமாதிரி மேலே நிமிர்ந்து நிற்கிறது என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. ஒரு குழாய்த் துண்டு நட்டு றேடியோவை மேலே ஏற்றினேன். அனுப்பும் வேகத்தையும் விநாடிக்கு 250 கிலோபிற்றுக்குக் குறைத்தேன். வாய்க்கால் கரையில் மகன் றிமோட்டோடு நிற்க நான் வண்டியோடு நடந்தேன். முன்பு 20 கவடு, இப்போது 90. உண்மையான சோஜர்னர் தன்னை இறக்கிவிட்ட கலத்திலிருந்து சுமார் 12 மீற்றருக்கு அப்பால் போனதே இல்லை. கிறவல் றோட்டில், அந்தச் சிவப்புப் புழுதியில் வண்டி ஏறி இறங்கிப் போனபோது செவ்வாய் இதைவிட அதிகம் வித்தியாசமாக இருக்காது என்று தோன்றியது.

பிறகுதான் கிணறு.

மகன் வண்டியை முன்னுக்கு விட்டுக்கொண்டு ஓடியதில் றிமோட் கை தவறி விழுந்தது. பற்றரி கழன்று உருண்டது. வண்டி நிற்கவில்லை. நேரே தோட்டக் கிணற்றை நோக்கிப் போகிறது, அதற்குக் கட்டும் இல்லை. அம்மா வாளியோடு நின்று "டேய் டேய்" என்கிறா, அதற்குக் காது ஏது? நான் பாய்ந்து போய் ஆமையைப் புரட்டுகிறமாதிரி காலால் புரட்டினேன். ஆறு சில்லும் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டே இருந்தன. ரயர் துண்டில் ஒட்டியிருந்த ஈரமண் என் முகத்தில் தெறித்தது. கிணற்று விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்.

பிழை என்னுடையது. புதுச் சொல் வந்தால் அதன்படி ஓடு என்று எழுதியிருந்தேன். வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. கடைசியாகக் கேட்டது "முன்னுக்குப் போ". அது போனது. இப்போது றிமோட் விநாடிக்கு 20 தடவை அனுப்புகிறது. 300 மில்லிவிநாடி சத்தமில்லை என்றால் இரண்டு பக்கமும் நிற்கும்.

நிம்மதியாக இரண்டு நாள். மூன்றாம் நாள் வண்டி நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பின்னுக்குப் பாய்ந்து வேலிக் கதியாலில் மோதியது. றிமோட் அப்போது அணைத்துக் கிடந்தது! குலுக்கத்தில் றேடியோவுக்குப் போகும் மின்வயர் கழன்றிருந்தது. செத்த றேடியோவிடம் "ஏதும் வந்ததா" என்று நானோ கேட்டால், பதிலுக்கு எல்லாம் பூச்சியமாக வரும். அந்தப் பூச்சியத்தையே அது "வந்திருக்கு" என்று எடுத்துக்கொள்ளும். வாசித்தால் மறுபடி பூச்சியம். என் கணக்கில் ஜோய்ஸ்ரிக்கின் நடு 512, பூச்சியம் என்றால் முழுப் பின்வேகம். செத்தவன் பேசுவதாக நினைத்துக் கீழ்ப்படிந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு செய்தியோடும் 170 என்ற அடையாள எண் போகும், அது இல்லாத செய்தி செல்லாது. பூச்சியத்துக்கும் இனி நில் என்றுதான் பொருள். பின்னால் பற்றரியையே துண்டிக்கிற சிவப்புப் பொத்தான் ஒன்றும் வைத்தேன். அம்மாவின் கட்டளை.

ஒரு உண்மை உறுத்திக்கொண்டே இருந்தது. அசலை யாரும் ஜோய்ஸ்ரிக்கால் ஓட்டவில்லை. அந்த நாள்களில் பூமியின் சொல் செவ்வாய்க்குப் போய்ச்சேரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அடுத்த நாளுக்கான வேலையை முதலே எழுதி அனுப்பினார்கள். "அப்ப நாங்களும் பிந்திப் போகவைப்பம்" என்றான் மகன். றிமோட்டில் ஒரு சுவிச் போட்டேன். அதை அமுக்கினால் 10 நிமிடம் கழித்துத்தான் அனுப்பும். விநாடிக்கு 20 என்று சேமிக்க நானோவின் 2 கிலோபைற் நினைவு போதாது, அதனால் ஜோய்ஸ்ரிக் அசைந்த நேரங்களை மட்டும் குறித்துவைக்கிறது.

ஞாயிறு மத்தியானம் அவன் அந்தச் சுவிச்சை அமுக்கி, ஜோய்ஸ்ரிக்கை மூன்று விநாடி முன்னுக்குத் தள்ளிவிட்டு வந்து சோற்றுக்கு இருந்தான். கதையில் எல்லோரும் மறந்துபோனோம். முற்றத்தில் நின்ற வண்டியின் நீலத் தட்டில், வெயில் காய்ந்த சூட்டுக்கோ என்னவோ, அம்மாவின் சிவத்தக் கோழி ஏறிப் படுத்திருந்தது. திடீரென்று கிர்ரென்ற சத்தம். கோழி எழும்பவில்லை. கழுத்தை மட்டும் நீட்டி, வண்டி போன அவ்வளவு தூரமும் போய், நின்றதும் இறங்கி நடந்தது.