“எனக்கு ஒரு குறையுமில்லை”

பெப்ரவரி 3, 2026

அம்மா குளியலறையில் மறுபடியும் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, இடுப்பில் கண்டல் மட்டும். இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று குடும்ப வைத்தியர் சொன்னார். முதியோர் உதவிக்கான ஆஸ்திரேலிய அரச சேவையான மை ஏஜ்ட் கேருக்கு, 1800 200 422, அழைத்தேன். மெடிகெயர் (அரச மருத்துவக் காப்புறுதி) அட்டை இலக்கம், யாரோடு வசிக்கிறார், முன்பு விழுந்திருக்கிறாரா என்றெல்லாம் கேட்டார்கள். அப்புறம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்து அம்மாவிடமே சம்மதம் கேட்டார்கள். “வந்து பார்க்கட்டும். ஆனால் என்னை ஒரு இல்லத்திலும் கொண்டுபோய் விட வேண்டாம்” என்றார் அம்மா. இந்தப் பயத்தோடுதான் இவ்வளவு நாளும் ‘வேண்டாம், வேண்டாம்’ என்றிருக்கிறார்.

பெப்ரவரி 19

அம்மாவுக்கு எவ்வளவு உதவி தேவை என்று பார்க்கும் மதிப்பீட்டுக்குத் திகதி கிடைத்தது. அதற்குக் கட்டணம் இல்லை, வீட்டுக்கே வருவார்கள்.

முன்பு சிறிய உதவிக்கு மதிப்பிட ஒரு குழு, பெரிய உதவிக்கு வேறொரு குழு. பெரியம்மா ஒரே கதையை இரண்டு குழுவுக்கும் முதலிலிருந்து சொல்லிக் களைத்ததைப் பார்த்திருக்கிறேன். 2024 டிசம்பரில் எல்லாவற்றையும் ஒரே முறையாக்கிவிட்டார்கள். முதியவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல மாற்றம்.

மாத்திரைகளின் பட்டியலையும் ஆஸ்பத்திரிக் கடிதங்களையும் ஒரு கோப்பில் போட்டு வைத்தேன்.

மார்ச் 10

அம்மா காலையிலேயே நல்ல சேலை உடுத்து, தலைசீவி, வருபவருக்குத் தேத்தண்ணிக்கும் ஆயத்தம் செய்துவிட்டார். மதிப்பீட்டாளர் பொறுமையான பெண். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார். சமையல், உடுப்பு மாற்றுவது, மாத்திரை, இரவில் எழும்புவது, ஞாபகம் என்று மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அம்மாவின் பதில் ஒன்றுதான்: “நானே செய்வேன், எனக்கு ஒரு குறையுமில்லை.”

வீட்டுக்கு வந்தவரிடம் குறை சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. நம் பெரியவர்கள் பலர் இப்படித்தான். ஆனால் இங்கே சொல்லும் பதிலை வைத்துத்தான் உதவியின் அளவே முடிவாகிறது. அந்நியர் முன்னால் “இல்லை, அம்மாவால் முடியாது” என்று வெட்டிப் பேச எனக்கு மனம் வரவில்லை. “அம்மா, நான் வேலைக்குப் போகும் நாளில் எப்படிக் குளிக்கிறீர்கள் என்று சொல்லுங்கோவன்” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நீ இல்லாத நாளில் குளிக்கிறதில்லை, பிள்ளை. விழுந்தால் தூக்க ஆளில்லை” என்றார்.

எனக்கே இது தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது: அடுப்படியில் நிற்க முடியாமல் பாணோடு முடிக்கும் மதியங்கள், பின்படியில் இறங்கப் பயந்து துணி காயப்போடாமல் விட்டது. கதிரையிலிருந்து எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தார் மதிப்பீட்டாளர். குளியலறையையும் போய்ப் பார்த்தார்.

பெரியவர்களோடு இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘முடியுமா’ என்று கேட்காதீர்கள், ‘நேற்று எப்படிச் செய்தீர்கள்’ என்று கேளுங்கள். மானம் போகாமல் உண்மை வெளியே வரும்.

மார்ச் 31

கடிதம் வந்தது. முதியவர்களுக்கு வீட்டிலேயே உதவி தரும் சப்போர்ட் அட் ஹோம் என்ற அரச திட்டத்தில் மூன்றாம் படி. எட்டுப் படிகளில் முதலாவதற்கு ஆண்டுக்குச் சுமார் 10,700 டொலர், எட்டாவதற்குச் சுமார் 78,000. அம்மாவுடையது 22,000 அளவில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து ஒதுக்குவார்கள். அதில் 10 சதவீதம் பராமரிப்பு ஒருங்கிணைப்புக்குப் போகும். நர்ஸ், பிசியோ வந்தால் அம்மா ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. வீடு துப்புரவுக்கு, முழு ஓய்வூதியக்காரர் என்பதால், 17.5 சதவீதம் அவர் பங்கு. கைபிடிக் கம்பிக்கும் குளியல் கதிரைக்கும் தனியாக நிதி.

ஆனால் அங்கீகாரம் வந்தவுடன் காசு வராது, முன்னுரிமை வரிசையில் நிற்க வேண்டும். 81 வயதுக்காரரை இப்படிக் காக்க வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏப்ரல் 4

முடிவு பிடிக்காவிட்டால் 28 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். தம்பியோடு கதைத்தேன், மூன்றாம் படி இப்போதைக்குப் போதும் என்பதே இருவரின் எண்ணமும். நிதி ஒதுக்கியதும் சேவை நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்ய 56 நாள் தருவார்கள். அதனால் தமிழ் தெரிந்த பணியாளர்கள் உள்ள நிறுவனங்களை இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். அம்மாவுக்கு ஒரு நிபந்தனைதான்: குளிக்க வார்க்க வருபவர் பெண்ணாக இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஆள் மாறக்கூடாது. அதைத்தான் எல்லா இடத்திலும் முதலில் கேட்கிறேன்.