படத்தின் பின்பக்கம்

எனக்குக் கடலூரில் வீடு, பாண்டியில் வேலை. பதினோரு வருஷமாகக் காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புகிறேன். உள்ளூர் வரலாறும் பள்ளிப் பிள்ளைகளுக்கான துணைநூல்களும் போடுகிற சின்னப் பதிப்பகம் எங்களுடையது. எழுதுபவர்கள் வேறு, அந்த எழுத்துக்குப் பொருத்தமான படம் தேடிக் கொடுப்பவள் நான். "கூகுள்ல போட்டா வந்துடப்போவுது, இதுக்குன்னு ஒரு ஆளா?" என்று வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நினைப்பை மாற்றியது ஒரு பாலம். புதுச்சேரிக் கடற்கரையைப் பற்றிய நூலில், கப்பல் இறங்குதுறையாக இருந்த பழைய பாலத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தோம். இணையத்தில் தேடினேன். அலையும் தூண்களுமாக அருமையான கருப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. '1952 புயலில் அழிந்த பாலம்' என்று கீழே போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டோம். நூல் வந்த இரண்டாவது வாரம், வம்பாகீரப்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"ஏம்மா, இது நான் தூண்டில் போட்ட பாலம். நான் பொறக்குறதுக்கு முன்னாடியே இது புயல்ல போயிடுச்சுன்னு போட்டிருக்கீங்களே? காலைப் பாருங்க, கான்கிரீட்டு. பழசுக்கு இரும்புக் கால்."

அவர் சொன்னது சரி. இப்போது காந்தி சிலை இருக்கும் இடத்துக்கு நேரே கடலுக்குள் நீண்டிருந்தது பழைய பாலம். 1952 புயலோடு அது போய்விட்டது. தெற்கே வம்பாகீரப்பாளையத்தில் இருப்பது அதற்குப் பிறகு கட்டியது. அதிலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. இணையத்திலோ இரண்டுக்கும் 'பழைய பாலம்' என்றே பேர். ஒருவர் தப்பாகப் போட்டதைப் பத்துப் பேர் எடுத்துப் போட்டிருந்தார்கள்; பதினோராவது ஆளாக நானும் சேர்ந்துகொண்டேன். மீதிப் பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டினோம். விற்றுப்போன பிரதிகளை என்ன செய்வது? சில பள்ளி நூலகங்களில் அவை இன்னும் இருக்கும். அந்த உறுத்தல் எனக்குப் போகவில்லை.

அதற்கப்புறம் சரியான படத்தைத் தேடப் புறப்பட்டபோதுதான் இந்த வேலையின் சூட்சுமமே பிடிபட்டது. நாம் தேடுவது படத்தை இல்லை. அந்தப் படத்துக்கு யாரோ ஒருவர் என்றோ வைத்த பேரை. பாண்டியைப் படம் எடுத்தவர்களில் நிறைய பேர் பிரெஞ்சில் பேர் வைத்தவர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எத்தனை முறை தட்டினாலும் அந்தப் படங்கள் வராது. எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அவரிடம் போய் உட்கார்ந்தேன். இறங்குதுறைக்கு 'தெபார்காதேர்', கலங்கரை விளக்கத்துக்கு 'ஃபார்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, என் நோட்டில் அவரே எழுதியும் கொடுத்தார். அந்தச் சொற்களைப் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் மின்நூலகமான காலிக்காவில் போட்டேன். அதுவரை எட்டிப்பார்க்காத படங்களெல்லாம் வந்தன.

அன்றைக்கு எனக்கு இன்னொன்றும் கிடைத்தது. பிரெஞ்சு ஆவணங்களில் கடலூருக்குப் பேர் 'கோந்தலூர்'. 1783-இல் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கடலூரில் மோதிய சண்டையின் வரைபடங்கள் அந்தப் பேரில்தான் இருக்கின்றன. இத்தனை வருஷம் என் ஊரை நான் தப்பான பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். அது எப்படித் திரும்பிப் பார்க்கும்?

படம் வந்ததும் நம்பிவிடுவதில்லை. பாலம் தெரிகிற ஒரு பழைய அஞ்சலட்டைப் படத்தை அச்செடுத்துக்கொண்டு ஒரு விடியற்காலை கடற்கரைக்குப் போனேன். படத்தில் ஒரு சிலையும் அதைச் சுற்றிச் செதுக்கு வேலை செய்த உயரமான கருங்கல் தூண்களும் இருந்தன. செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்று சொல்வார்கள், காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் அதே தூண்கள். படத்தில் நடுவே நிற்பவர் மட்டும் வேறு ஆள், பிரெஞ்சு கவர்னராக இருந்த துய்ப்ளே. அந்தச் சிலை இப்போது கடற்கரைச் சாலையின் தெற்குப் பக்கம் இருக்கிறது. பின்னால் பார்த்தால், 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் படத்தில் இருக்கிற அதே பக்கத்தில். தூண் சரி, கலங்கரை விளக்கம் சரி, அப்படியானால் பாலமும் அதுதான். தாளைப் பிடித்தபடி வெகுநேரம் அங்கேயே நின்றேன். பாலம் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்.

இப்போதெல்லாம் இணையப் படம் எதுவானாலும் முதலில் டின்ஐ (TinEye) என்ற, படத்தை வைத்தே படம் தேடும் தளத்தில் ஏற்றி, 'மிகப் பழையது' என்று வரிசைப்படுத்தச் சொல்லுவேன். யார் முதலில் போட்டார்கள், என்ன குறிப்போடு போட்டார்கள் என்பதற்குக் கிட்டத்திலாவது போகலாம். அளவையும் பார்க்க வேண்டும். 600 பிக்சல் அகலப் படம் திரையில் பளிச்சென்று இருக்கும். 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், அச்சடித்தால் 5 சென்டிமீட்டர்தான் தேறும். அனுமதி இன்னொரு பாடு. காலிக்காவில் பார்ப்பது இலவசம், ஆனால் விற்கிற நூலில் போட உரிமம் வாங்க வேண்டும். விக்கிமீடியா காமன்ஸ் படங்களில் பெரும்பாலானவற்றை விற்கிற நூலிலும் போடலாம், பெரும்பாலும் எடுத்தவர் பேரைப் போட்டாக வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி படம் எடுத்தவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. 'நெட்ல கிடந்துச்சு' என்பது அனுமதி ஆகாது. பேர் போடச் சோம்பல்படுகிற பதிப்பாளர்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

கோயில் படம் என்றால் மட்டும் நிம்மதி. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பாண்டியிலேயே இருக்கிறது. தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே இருக்கின்றன. அதைவிடப் பெரிசு, ஊர்ப் பேரோடு முறையாக வகைப்படுத்தி வைத்திருப்பது. திருப்பணியில் வண்ணம் பூசி மறைந்துபோன ஒரு சிற்பத்தின் பழைய முகத்தைப் பார்க்க வேறெங்கே போவது?

ஆனால் எந்த நூலகத்துக்கும் வராத படங்கள் வீடுகளில் கிடக்கின்றன. போன மாசம் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், ஓர் ஆத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். தகரப் பெட்டியிலிருந்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. துறைமுகம், நான்கு தோணிகள், கரையில் மலைபோல மூட்டைகள். 'தோணிகள், மூட்டைகள்' என்று நோட்டில் எழுதினேன்.

"என்ன மூட்டைன்னு எழுதலியா?" என்றார்.

"தெரியலையே ஆத்தா."

"மல்லாட்டை. எங்க மாமனாரு அதுலதான் கணக்கு எழுதுனாரு. இந்தா, இந்தக் குடை வச்சிருக்கிறவரு."

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை. நான் அந்தக் குடையைக் கவனித்திருக்கவே இல்லை. ஆத்தா படத்தைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை பாதி அழிந்திருந்தது. அதற்குக் கீழே பென்சிலில், தமிழ் எண்களில் ஏதோ ஒரு கணக்கு. நோட்டில் 'மூட்டைகள்' என்பதை அடித்து 'மல்லாட்டை மூட்டைகள்' என்று எழுதினேன். குடைக்காரர் யார் என்பதையும், அதைச் சொன்னவர் யார் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். முன்பக்கத்தை ஸ்கேன் செய்து முடித்ததும் படத்தைத் திருப்பி வைத்தேன்.

"அதுல ஒண்ணும் இல்லியேம்மா, வெறும் கணக்குதானே?"

"அதுவும் வேணும் ஆத்தா."