மாமாவின் கொரோலாவும் ஒரு முழ ரப்பர் குழாயும்

விடியப்புறம் முத்தம் கூட்டப் போன மாமி வைத்த கூக்குரலில்தான் எழும்பினேன். கார் நிற்கிற இடத்தில், மணலில், சிவப்பாய்ச் சொட்டுச் சொட்டாய்க் கிடந்தது. "கீரிதான்" என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு மாமி கோழிக்கூட்டைத் திறந்து எண்ணத் தொடங்கினார். ஒன்றும் குறையவில்லை. அடையில் கிடந்த கோழியையும் எழுப்பிப் பார்த்தார், அது கொத்தவும் செய்தது. சந்தேகம் நாயின் பக்கம் திரும்பியது. வாயை விரித்துப் பார்த்துச் சோதித்ததில் நாயும் நிரபராதி.

நான் ஒரு விரலால் தொட்டு மணந்து பார்த்தேன். ஒயில். பழைய ரொயோட்டாக்களில் ஓட்டோ கியருக்கு விடுகிற டெக்ஸ்ரோன் ஏ.ரி.எஃப். ஒயில்தான் பவர் ஸ்ரியரிங்குக்கும். அதன் நிறம் சிவப்பு. அப்படியென்றால் கொஞ்ச நாளாக ஏ35 றோட்டிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் திருப்பும்போதெல்லாம் கார் உறுமியதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. மாமாவிடம் அப்போதே சொன்னேன். "அது எஞ்சின்ர பலம் தம்பி" என்றார்.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் வன்னிக்குள் பெற்றோல் வர விடாத காலத்தில் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார் ஓடியவர். துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிப் பிள்ளைத்தாச்சிகளையும் நெல்மூட்டையையும் ஏற்றி இறக்கிய கை அது. "அப்ப ஸ்ரியரிங்ல பவர் இல்லை, எங்கட கையில இருந்தது" என்பார். அதனால் இந்தக் கொரோலா 110இன் ஸ்ரியரிங் கனக்கத் தொடங்கியதை அவர் ஒரு பழுதாகவே எடுக்கவில்லை. கார் இப்போதுதான் காராகிறது என்ற சந்தோசம் முகத்தில் தெரிந்தது. காரை வித்துவிட்டு வேறு பார்ப்போம் என்றும் சொல்ல ஏலாது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய காருக்கெல்லாம் விலை ஏறிய ஏற்றத்தில், மாமா அதைத் தங்கநகையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கிறார்.

பொனற்றைத் திறந்தோம். விசுவமடுப் பக்கம் பொனற் திறக்கிற சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. முதலில் முன்வீட்டு அண்ணை. பிறகு பால் கொண்டுபோனவர் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு யாரென்றே தெரியாத ஒருவர். ஸ்ரியரிங் பம்ப் பழுதாய்ப் போட்டுது என்றார் ஒருவர். பம்ப் இல்லை, சில்லைத் திருப்புகிற றாக் என்றார் மற்றவர். தெரியாதவர் காரைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு, "இது கண்ணூறு" என்றார். முன்வீட்டு அண்ணை வீட்டுக்கு ஓடிப்போய், மிச்சமாய்க் கிடந்த பிறேக் ஒயில் போத்தலைக் கொண்டுவந்துவிட்டார். "விடுங்கோ ஐயா, எல்லாம் ஒயில்தானே."

நல்லகாலம், அந்த நேரம் பார்த்து ரக்ரர் திருத்துகிற தம்பி வந்து சேர்ந்தான். போத்தலை வாங்கித் தூரத்தில் வைத்தான். பிறேக் ஒயில் உள்ளே போனால் பம்பிலும் றாக்கிலும் உள்ள சீல் ரப்பரெல்லாம் ஊதிப்போகும், பிறகு உண்மையாகவே பம்பும் றாக்கும் மாற்ற வேண்டிவரும் என்றான். ஒயில் தாங்கியின் மூடியிலேயே என்ன ஒயில் என்று எழுதியிருக்கிறது. அந்த மூடியைத் திறந்த ஒருவரும் அதைப் படித்ததில்லை.

தம்பி மண்ணெண்ணெய்த் துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, என்னை உள்ளே இருத்தி ஸ்ரியரிங்கை அந்தத்துக்கும் இந்தத்துக்கும் திருப்பச் சொன்னான். பம்பிலிருந்து றாக்குக்கு ஒயிலைத் தள்ளுவது பிறசர் குழாய். முழுக்கத் திருப்பிப் பிடித்தால் அதற்குள் சதுர அங்குலத்துக்கு 1000 இறாத்தலுக்கு மேல் அழுத்தம் ஏறும். வேலை முடிந்த ஒயிலைத் தாங்கிக்குத் திருப்பிக் கொண்டுவருவது றிற்றேன் குழாய். அதில் அழுத்தம் பெரிதாக இல்லை, வெறும் ரப்பரும் கிளிப்பும்தான். எங்கள் காரில் பிறசர் குழாய் இரும்புப் பூட்டுக்குப் பக்கத்தில் வியர்த்திருந்தது. றிற்றேன் குழாய் ஒழுகியே கொண்டிருந்தது.

அந்த றிற்றேன் குழாயைக் கழற்றிய காட்சியைச் சொல்லாமல் விட ஏலாது. மேலே சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தது. அதை அவிழ்க்க உள்ளே கறுப்பு ரேப். அதற்குள்ளே கட்டுக்கம்பி. அதற்கும் உள்ளே, எந்தக் காலத்திலோ யாரோ பூசிய சவர்க்காரம், கல்லாய் இறுகிப்போய். கந்தரோடையில் தொல்பொருள் தேடிக் கிண்டியதைப் போல ஒவ்வொரு படையும் ஒவ்வொரு காலம். கடைசியில் வந்த ரப்பரை மடக்கியதும் முறுக்குப் போல என்று எழுத வந்தேன், முறுக்கு இவ்வளவு லேசாய் உடையாது.

முன்வீட்டு அண்ணை இன்னும் ஓயவில்லை. தன் தண்ணிப் பம்புக் குழாயில் ஒரு முழம் வெட்டித் தருகிறேன் என்றார். "அது தண்ணிக்கு அண்ணை. இந்த ஒயில்ல ஊறினா உப்பிக் கழண்டு போகும். ஒயிலுக்கெண்டே வாற குழாய் வேணும்" என்றான் தம்பி. றிற்றேனுக்கு அதை மீற்றர்க் கணக்கில் வாங்கலாம். பிறசர் குழாய்க்குத்தான் யோசனை. கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பழசு எடுக்கலாம்தான், ஆனால் இன்னொரு கிழட்டுக் காரில் கழற்றியதைக் காசு கொடுத்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கிளிநொச்சியில் ஜே.சி.பி.க்கும் அறுவடை மெசினுக்கும் ஹைட்ரோலிக் குழாய் அடித்துக் கொடுக்கிற கடை இருக்கு, பழைய பூட்டுகளை வைத்து நடுவில் புதுக் குழாய் போட்டு நெரித்துத் தருவார்கள் என்றான் தம்பி.

குழாய்களைக் கடைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். தர்மபுரம் தாண்டமுதலே பையிலிருந்து சிவப்பாய்ச் சொட்டத் தொடங்கிவிட்டது. பக்கத்துச் சீற் அம்மா சேலையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டார். "இறைச்சியோ அண்ணை? சொல்லி ஏத்துறேல்லையே" என்றான் கொண்டக்ரர். நான் பையைத் திறந்து குழாயைக் காட்டினேன். "அப்ப ஏன் அண்ணை ரத்தம்?" என்றான். பரந்தன் வரும்வரை பஸ்ஸே பையைப் பார்த்துக்கொண்டு வந்தது.

மாசி மாதம், காலபோக நெல்வெட்டு மும்முரம். கடை வாசலில் மெசின்காரர்கள் கையில் மொத்தக் குழாய்களோடு நிற்கிறார்கள். வானம் மூடியிருந்ததால் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் என் குழாயைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன தம்பி, சேலைன் ஏத்துறதோ?" என்றார். கடைக்காரர் வெட்டு மெசின்களை முடித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். அது நியாயம்தான். மழை விழுந்தால் வயலில் நிற்கிற நெல்லுக்கு ஆர் பதில் சொல்வது? மாமாவின் கார் முத்தத்தில் நின்றால் ஒன்றும் முளைக்காது.

பூட்டும்போது பிறசர் குழாயின் போல்ற்றுக்கு இரண்டு பக்கமும் புதுச் செம்பு வொஷர் போட வேண்டும். பழசு ஒருமுறை நசிந்தால் பிறகு ஒழுக்கைப் பிடிக்காது. புது வொஷர்களை வாங்கி வந்து மாமாவிடம் கொடுத்திருந்தேன். தம்பி காருக்குக் கீழே கிடந்தபடி கையை நீட்ட, மாமா எடுத்துக் கொடுத்தார். எஞ்சினைப் போட்டதும் அதே இடத்தில் ஒழுக்கு. கழற்றிப் பார்த்தால் பளபளவென்று உரஞ்சுதாளால் தேய்த்து வைத்த பழைய வொஷர். புதுசு இரண்டும் பால்மா ரின்னுக்குள், மாமாவின் மற்றச் சொத்துகளோடு பத்திரமாய். "நல்ல சாமானை ஏன் இப்பவே பாவிச்சு முடிப்பான்?" என்றார். தம்பி ஒன்றும் பேசவில்லை. ரின்னை வாங்கித் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு திரும்பவும் கீழே படுத்தான்.

மிச்சம், ஒயிலுக்குள் அடைபட்ட காற்றை எடுக்கிற வேலை. முன்சில்லுகளை ஜக்கில் தூக்கி, எஞ்சின் போடாமல், ஸ்ரியரிங்கை ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கலுக்குத் திருப்பித் திருப்பி, ஒயில் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். உள்ளே காற்று இருக்கும்வரை தாங்கிக்குள் நுரைத்துக்கொண்டே இருக்கும். இந்த வேலைக்கு ஒழுங்கைப் பிள்ளைகளே வரிசையில் நின்றார்கள். ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி என் மகள் கொழும்புக்கு ஓடினாள், முன்வீட்டுப் பெடியன் லண்டனுக்கே ஓடினான். நுரை அடங்கிய பிறகும் ஒருவரும் இறங்க மாட்டேன் என்று விட்டார்கள்.

அடுத்த நாள் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனோம். மாமாதான் ஓடினார். ஒற்றை விரலுக்குத் திரும்புகிற ஸ்ரியரிங் அவருக்குப் பிடிக்கவேயில்லை. "நான் நினைக்க முதலே திரும்புது, இது சரியில்லை" என்று கிளிநொச்சி வரை புறுபுறுத்தார். நான் கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பி வர, மாமாவைக் காணவில்லை. தள்ளி ஒரு பழைய நிசான் பொனற்றைத் திறந்துகொண்டு நிற்க, சுற்றி நாலைந்து பேர். நடுவில் மாமா.

"பிறேக் ஒயில் மட்டும் விட்டிடாதையுங்கோ" என்று அந்த ஆளுக்குச் சொல்லிக்கொண்டே சேட்டுப் பைக்குள் கையை விட்டு, உரஞ்சி மினுக்கிய பழைய செம்பு வொஷர் ஒன்றை வெளியே எடுத்தார்.